பணி ஓய்வுப் பரிசாக வாங்கிய மான்ட்பிளாங்க் 149: அசலா, போலியா?

பென்னாகரம்_மைக்கூடு

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். மைப்பேனாவைத் தவிர வேறு எதையும் கையில் எடுக்காத மனிதர். ஆசிரியர்கள் எல்லாரும் பணம் போட்டு, மான்ட்பிளாங்க் என்ற ஜெர்மன் கம்பெனியின் விலை உயர்ந்த மைப்பேனா மைஸ்டர்ஷ்டுக் 149 ஒன்றை இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவரிடம் 14,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம். பெங்களூரில் ஒரு கம்பெனி அதிகாரிக்குப் பரிசாக வந்தது, பெட்டி பிரிக்கவே இல்லை என்று சொன்னார். பில் இல்லை. மூடி உச்சியில் வெள்ளை நட்சத்திரம் இருக்கிறது. கிளிப் வளையத்தில் எண் பொறித்திருக்கிறது, கிளிப்புக்கு அடியில் 'பிக்ஸ்' என்றும் இருக்கிறது. நிப்பில் 4810. அசலுக்கு அடையாளமாக இணையத்தில் சொல்வதெல்லாம் இருக்கிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. விழாவுக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

காவேரிப்பட்டணம்_ஸ்டேஷனரி

சார், பேனாவைப் பார்க்கவே வேண்டாம், விலையைப் பாருங்கள். கடையில் 149-இன் விலை நீங்கள் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. பெட்டி பிரிக்காத பேனாவை அந்த விலைக்கு யார் விடுவார்கள்? நான் பேனா விற்றுப் பிழைக்கிறவன். மொத்த வியாபாரிகளே "சார், பர்ஸ்ட் காப்பி இருக்கு, வேணுமா?" என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். பில் இல்லாத விலை உயர்ந்த பேனாவைப் போலி என்று வைத்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும். நட்சத்திரம், எண் என்று பார்த்துக்கொண்டிருப்பது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் உதவும்.

ஓசூர்_நிப்பு

காவேரிப்பட்டணம் அண்ணா, பில் இருந்தால் நல்லதுதான். ஆனால் பில்லையும் அடிக்கிறார்கள். பெட்டி, கார்டு, கையேடு எல்லாம் பேனாவை விடச் சுலபமாக அடிக்கக்கூடியவை. தாத்தா விட்டுப்போன பார்க்கர் 51-க்கு இன்று யாரிடம் பில் இருக்கும்? அதையும் போலி என்று ஒதுக்கிவிடுவீர்களா? பேனாவைப் பார்த்தே சொல்ல முடியும். எங்கே பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பென்னாகரம் சார், நீங்கள் சொன்ன நான்கும் போலி செய்கிறவன் முதலில் செய்து முடிக்கும் வேலைகள். எண்ணைப் பொறிப்பது பெரிய காரியமில்லை, ஒரே எண்ணை ஆயிரம் பேனாவில் அடிப்பான். 'பிக்ஸ்' கதையும் அதேதான். பழைய அசல் பேனாக்களில் அந்த எண்ணே இருக்காது, அதனால் எண் இல்லாததும் குற்றமில்லை. 4810 என்பது மான்ட்பிளாங்க் சிகரத்தின் உயரம், மீட்டரில். அது எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவனுக்குச் செலவு வைக்கிற இடங்களைப் பாருங்கள். முதலில் மை ஏறும் வழி. 149 ஒரு பிஸ்டன் பேனா, 1952-ல் வந்ததிலிருந்து அப்படித்தான். பின்பக்கக் குமிழைத் திருகினால் குமிழ் வெளியே எழும்பும், உள்ளே பிஸ்டன் நிப்புப் பக்கம் இறங்கும். நிப்பை மைக்குள் முக்கி எதிர்ப்பக்கம் திருகினால் மையை இழுக்கும். கழுத்துக்கு மேலே உடலோடு ஒரு சின்ன ஜன்னல் மாதிரி கண்ணாடிப் பகுதி இருக்கும், மை எவ்வளவு மிச்சம் என்று அதில் பார்க்கலாம். உடலைக் கையால் திருகிக் கழற்ற வந்து, உள்ளே கார்ட்ரிட்ஜோ (மை அடைத்து வரும் சின்னக் குழாய்) கன்வெர்ட்டரோ (மையை இழுக்கும், தனியே கழற்றக்கூடிய குழாய்) இருந்தால் அது 149 கிடையாது. ஆனால் இதை எல்லா மான்ட்பிளாங்குக்கும் பொருத்திவிடாதீர்கள். 145-க்கு கன்வெர்ட்டர்தான். 147 கார்ட்ரிட்ஜ் பேனா, வெளியில் பார்த்தால் 146 மாதிரியே இருக்கும். மாடல் எண்ணுக்கும் மை ஏறும் முறைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து உடல். அசல் கறுப்பு ரெசின் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) பேனாவில் மூடியைக் கழற்றி, அதன் உள்ளிருந்து மொபைல் டார்ச்சை அடித்தால் மெல்லிய இடங்களில் கருஞ்சிவப்பாக ஒளி கசியும். பல போலிகள் பித்தளைக் குழாய்க்கு மேல் கறுப்பு அடித்தவை. ஒளி துளியும் வராது, கையில் எடுத்தால் ஜில்லென்றும் கனமாகவும் இருக்கும். 149-இன் எடை சுமார் 32 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

நட்சத்திரத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். அசலில் வெள்ளை, ரெசினுக்குள் பதிந்திருக்கும். ஒட்டியதாக இருந்தால் நகம் தடுக்கும். மூடி வளையத்தில் மைஸ்டர்ஷ்டுக் என்ற ஜெர்மன் எழுத்தில் 'யு' மேல் இரண்டு புள்ளி இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அசலில் எழுத்தின் ஆழம் ஒரே சீராக இருக்கும், இடைவெளி பிசகாது. இப்போது வரும் 149-இன் நிப்பில் 18 காரட், 750 (ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்) என்று இருக்கும். எங்காவது 'இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி' என்று கண்ணில் பட்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். அது மலிவுப் பேனாக்களில் போடுகிற பொது நிப்பு.

காவேரிப்பட்டணம்_ஸ்டேஷனரி

தம்பி, அருமையாகச் சொன்னீர்கள், ஆனால் எல்லாமே பேனா கைக்கு வந்த பிறகு செய்கிற வேலை. பணம் அதற்கு முன்பே போய்விடுகிறது. விற்பவன் அனுப்பும் போட்டோவில் டார்ச் அடித்துப் பார்க்க முடியுமா? நட்சத்திரத்தில் நகத்தை ஓட்ட முடியுமா? இன்னொன்று, பரிசுக்குப் போவதில் பாதிக்கு மேல் பால்பாயிண்டும் ரோலர்பாலும். அதில் நிப்பும் இல்லை, பிஸ்டனும் இல்லை. அங்கே உங்கள் பட்டியல் என்ன செய்யும்?

ஓசூர்_நிப்பு

பால்பாயிண்டில் வழி குறைவு என்பது உண்மைதான். ரீஃபிலை வெளியே எடுங்கள். மான்ட்பிளாங்க் பால்பாயிண்ட் ரீஃபில் அவர்களுடைய சொந்த வடிவம். உள்ளே பார்க்கர் மாதிரி ரீஃபில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் அது போலி. டார்ச்சும் நகமும் அங்கேயும் உதவும்.

பணம் கொடுப்பதற்கு முன் வழியில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வீடியோ கேளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் நிப்பை முக்கிப் பிஸ்டனைத் திருகி, தண்ணீரை இழுத்துத் திரும்ப வெளியே விடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு தாளில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் அதே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். வேறு யாருடைய வீடியோவையோ அனுப்ப முடியாது. அசல் வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

பாரூர்_வாத்தியார்

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். விற்பவன் சொல்லும் கதையையும் பேனாவில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம். பார்க்கர் பேனாக்களில் மூடியின் அடி ஓரத்தில் ஒரு எழுத்தும் சில கோடுகளும் இருக்கும். 'குவாலிட்டி பென்' என்ற ஆங்கிலச் சொற்களின் பத்து எழுத்தும் வரிசையாக 0 முதல் 9 வரை. வருடத்தின் கடைசி இலக்கத்தை அந்த எழுத்து காட்டும், கோடுகள் காலாண்டைக் காட்டும்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு பார்க்கரைக் காட்டி, "2016-ல் வாங்கியது, தொடவே இல்லை, இங்கிலாந்துத் தயாரிப்பு" என்று ஒருவர் விலை பேசினார். மூடியில் 'டி' என்ற எழுத்து. டி என்றால் 5. அப்படியானால் 2015, இல்லையென்றால் 2005 அல்லது அதற்கும் முன்னால். இங்கிலாந்தில் இருந்த பார்க்கரின் நியூஹேவன் ஆலை 2011-க்குள் மூடப்பட்டு வேலை பிரான்சுக்குப் போய்விட்டது. 2015 என்றால் இங்கிலாந்துத் தயாரிப்பாக இருக்க முடியாது. 2005 அல்லது அதற்கு முன்னால் என்றால் 2016-ல் புதிதாக வாங்கிய கதை இடிக்கிறது. பேனா போலியா இல்லையா என்று அந்த எழுத்து மட்டும் சொல்லிவிடாது. ஆனால் அந்த ஆளை நம்பலாமா என்பதை அங்கேயே சொல்லிவிட்டது.

அதே மாதிரி, சீனா என்று போட்டிருந்தாலே போலி என்று ஒரு பேச்சு நம் பக்கம் ஓடுகிறது. கிராஸ் என்ற அமெரிக்கப் பேனாக் கம்பெனி தயாரிப்பைச் சீனாவுக்கு மாற்றிப் பல வருடம் ஆகிறது, அதனால் சீனா என்று பொறித்த கிராஸ் அசலாகவே இருக்கலாம். இந்தியா என்று போட்ட பார்க்கரையும் அப்படி ஒதுக்காதீர்கள், லக்சர் கம்பெனி 1990களிலிருந்து உரிமம் பெற்று இங்கே செய்தவை ஏராளம். சீனத்து ஹீரோ பேனாவுக்கே போலி வந்ததை நம் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது.

தர்மபுரி_நாலுரோடு

இதற்கு ஏன் இவ்வளவு? நகைக்கடையில் கொடுத்து நிப்பை உரைகல்லில் ஒரு உரசு உரசினால் தங்கமா இல்லையா என்று தெரிந்துவிடப் போகிறது.

ஓசூர்_நிப்பு

தயவுசெய்து உரசாதீர்கள் அண்ணா. அசலாக இருந்தால் நிப்பு வீணாகிவிடும். அதிலும் முனையில் இருக்கும் அந்தக் குண்டுமணி தங்கம் அல்ல, எழுதித் தேயாமல் இருக்க வைத்த கடின உலோகம். உரசினால் அது போய்விடும், பேனாவும் போய்விடும். முலாம் பூசிய நிப்பாக இருந்தால் லேசான உரசலில் மேல் தங்கம்தான் கல்லில் விழும், ஏமாந்தும் போவீர்கள்.

காரட் மீட்டர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். எக்ஸ்ரே முறை, நிப்புக்குச் சேதம் இல்லை. மெல்லிய முலாமைத் தாண்டி அடியில் இருக்கும் இரும்பையும் குரோமியத்தையும் காட்டிக் கொடுக்கும். காந்தம் ஒரு பக்கத்துச் சோதனைதான். நிப்பு காந்தத்தில் ஒட்டினால் தங்கம் இல்லை என்பது உறுதி. ஒட்டாவிட்டால் தங்கம் என்று அர்த்தமில்லை, எவர்சில்வரில் ஒட்டாத வகையும் உண்டு.

பாலக்கோடு_மண்டி

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். பேனா வழவழவென்று எழுதுகிறதா? வாத்தியார் சந்தோஷப்படுவாரா? அப்புறம் என்ன? மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லார் முன்னாலும் கையில் கொடுக்கிறீர்கள். அவருக்கு உங்கள் அன்புதானே பெரிது. டார்ச் அடித்து மரியாதையை அளக்க வேண்டுமா? மனசு இல்லாவிட்டால் இன்னொருவருக்குத் தள்ளிவிட்டுக் காசை எடுத்துவிடுங்கள்.

பாரூர்_வாத்தியார்

தம்பி, அன்பைக் காட்ட நூறு ரூபாய்ப் பேனாவே போதும், அதில் ஒரு குறையும் இல்லை. மைப்பேனாவோடு வாழ்ந்தவர் அவர். ஒரு வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும். தெரிந்தும் பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று வெளியே சொல்லமாட்டார், சட்டைப்பையில் செருகிக்கொண்டு திரிவார். நமக்குப் பாடம் சொன்னவரை அந்த நிலையில் வைக்கலாமா? பிஸ்டன் கெட்டாலோ நிப்பு வளைந்தாலோ எந்தச் சர்வீசுக்கும் எடுத்துப் போகவும் முடியாது.

பாகலூர்_வக்கீல்

பாலக்கோடு தம்பி சொன்ன கடைசி யோசனையை யாரும் செய்துவிடாதீர்கள். போலி என்று தெரிந்துகொண்டே விற்றால் 1999-ம் வருட வணிகச் சின்னங்கள் சட்டம் 104-ம் பிரிவில் நீங்களே மாட்டுவீர்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

பென்னாகரம் சார், பேனாவை எதுவும் செய்வதற்கு முன் பணம் அனுப்பிய ரசீது, அவர் 'ஒரிஜினல்' என்று எழுதிய சாட், அவருடைய கணக்கின் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கை முடக்கிவிட்டுப் போனால் அப்புறம் கிடைக்காது. அவர் தொடர்ந்து விற்கும் ஆளாக இருந்தால் நுகர்வோர் வழக்கு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். ஆளே காணாமல் போனால் அது மோசடி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

பென்னாகரம்_மைக்கூடு

எல்லாருக்கும் நன்றி. தர்மபுரியில் நகைக்கடைத் தராசில் வைத்தோம், 40 கிராமைத் தாண்டுகிறது. டார்ச் அடித்தால் சிவப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. குமிழைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எழும்பவில்லை. உடலைத் திருகினேன், கழன்று வந்துவிட்டது. உள்ளே கன்வெர்ட்டர். வக்கீல் அக்கா சொன்னபடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு விற்றவருக்கு எழுதினேன். முதலில் "இது புது மாடல் சார்" என்றார். 1915 என்று எழுதியதும், பேனாவைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறேன் என்கிறார்.

பாகலூர்_வக்கீல்

பணம் வந்த பிறகுதான் பேனா போக வேண்டும். அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

காவேரிப்பட்டணம்_ஸ்டேஷனரி

கடைசியில் விலைதான் முதலில் சொன்னது. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பணம் திரும்பி வந்ததும் பெங்களூரில் அங்கீகாரம் பெற்ற கடைக்கே போங்கள். ஓசூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம். கம்பெனி முத்திரை போட்ட வாரண்டி கார்டோடு வாங்குங்கள்.

ஓசூர்_நிப்பு

அண்ணா, விலை சந்தேகத்தைக் கிளப்பியது, சரி. ஆனால் விற்றவரைப் பேச வைத்தது கழன்று வந்த உடல்தான். 60,000 கேட்டிருந்தால் உங்கள் விலைக் கணக்கு என்ன சொல்லியிருக்கும்? அதிக விலைக்குப் போலியை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பென்னாகரம் சார், பெரிய பெயர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் பைலட் கஸ்டம் 74 விலை விசாரியுங்கள். 14 காரட் தங்க நிப்பு, ஜப்பான் தயாரிப்பு, பெரிய பெயர்களைப் போல இதற்குப் போலி வந்து குவிவதில்லை. கன்வெர்ட்டர் பேனாதான், அதனால் உள்ளே கன்வெர்ட்டரைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். நிப்பு முனை மீடியமா (நடுத்தரம்), ஃபைனா (மெல்லிசு)? ஜப்பான் நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளை விட ஒரு அளவு மெல்லிசாக எழுதும்.

பென்னாகரம்_மைக்கூடு

சார் எழுத்து கொஞ்சம் பெரிசு, அழுத்தியும் எழுதுவார்.

ஓசூர்_நிப்பு

அப்படியானால் மீடியம். கடையில் தண்ணீரில் முக்கியாவது எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.