அப்பாவுக்கு நெஞ்சு சிடி: பிளெயினா, கான்ட்ராஸ்டா, ஹெச்ஆர்சிடியா?

பெரம்பூர்க்காரன்:
அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். மூன்று வாரமாக இருமல் விடவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் மாதிரி தெரிகிறது, சிடி எடுங்கள் என்றார் டாக்டர். சீட்டில் 'சிடி செஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது, ஸ்கேன் சென்டரில் பிளெயினா, கான்ட்ராஸ்டா, ஹெச்ஆர்சிடியா என்று நம்மையே கேட்கிறார்கள். சித்தப்பா வேறு, சிடியில் கதிர்வீச்சு அதிகம், எம்ஆர்ஐ எடுங்கள் என்கிறார். எதை எடுப்பது?

எக்ஸ்ரே டெக்னீஷியன்:
இதற்கு எம்ஆர்ஐ வேண்டாம் சார். அது உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை வைத்துப் படம் பிடிப்பது, நுரையீரலில் இருப்பதோ பெரும்பாலும் காற்று, போதாததற்கு மூச்சும் இதயத் துடிப்பும் படத்தைக் கலைத்துவிடும். கதிர்வீச்சு சிடியில் அதிகம்தான். எக்ஸ்ரேக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட், சாதாரண நெஞ்சு சிடிக்கு 7 வரை போகும். இயற்கையாகவே வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 வாங்குகிறோம். இந்த வயதில் காரணத்தோடு எடுக்கும் ஒரு சிடிக்குத் தயங்காதீர்கள்.

பிளெயின் என்றால் ஊசி மருந்து போடாமல் எடுப்பது. ஹெச்ஆர்சிடி என்பது 1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக எடுப்பது, அதற்கும் ஊசி மருந்து கிடையாது. நுரையீரல் தழும்பு, மூச்சுக்குழாய் விரிவு இதற்கெல்லாம் அதுதான் சரி. கட்டியா, நெறிகட்டியிருக்கிறதா, ரத்தக்குழாயில் அடைப்பா என்று சந்தேகம் இருந்தால்தான் கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் தெளிவாகத் தெரிய நரம்பில் ஊசி மருந்து ஏற்றி எடுப்பது. அதற்குமுன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும், மெட்ஃபார்மின் போடுவதையும் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

எதைத் தேடுகிறோம் என்று டாக்டர் சீட்டில் எழுதித் தரட்டும். கவுன்டரில் நின்று நீங்கள் முடிவுசெய்யும் விஷயமில்லை இது.

அயனாவரம் அக்கா:
தம்பி, சளி டெஸ்ட் எடுத்தாச்சா? சர்க்கரை இருக்கிறவர், மேல்பக்கம் நிழல், மூன்று வார இருமல், முதலில் டிபி இல்லை என்று உறுதி பண்ணுங்கள். சிடி நிழலின் வடிவத்தைக் காட்டும், கிருமியைக் காட்டாது. உங்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுங்கள், எச்சில் போதாது. பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், அந்த நிழல் பல வருடமாக அப்படியே இருக்கிற பழைய தழும்பாகக்கூட இருக்கலாம்.

பெரம்பூர்க்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, சார். டாக்டருக்கு போன் பண்ணினேன். நாளைக்கே சளியும் கிரியாட்டினினும் கொடுக்கச் சொன்னார், கான்ட்ராஸ்ட் சிடி என்று புதுச் சீட்டு தருகிறாராம். பழைய எக்ஸ்ரேயை அம்மா பீரோவில் தேடுகிறார்.