இப்னு அரபியின் பிரதி: ஓரக் குறிப்புகளைப் படிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சூஃபி ஞானி இப்னு அரபி தம் கைப்பட எழுதிய 'அல்ஃபுதூஹாத் அல்மக்கிய்யா' என்ற ஞான நூலின் பிரதியில் சில பக்கங்கள் படமாகக் கிடைத்திருக்கின்றன. 37 தொகுதிகள், 560 அத்தியாயங்கள். 1240இல் டமாஸ்கஸில் மறைவதற்குச் சற்று முன்பு அவர் முடித்த இரண்டாம் வடிவம் இது. அவருடைய மாணவர் சத்ருத்தீன் கூனவி வழியாகத் துருக்கியின் கொன்யா நகரில் இருந்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அச்சுநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தை ஒருவாறு படித்துவிடுகிறேன். சிக்கலே 'ஸமாஉ' குறிப்புகளில்தான். ஆசிரியர் முன்னிலையில் யார் வாசித்தார், யார் யார் கேட்டார்கள், எந்த ஊர், எந்த நாள் என்பதற்கான சான்று அது. எனக்கு நூலைவிட இவற்றில்தான் ருசி அதிகம். ஆனால் நெருக்கியடித்த எழுத்து, அரபு எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகளில் பாதியைக் காணோம். 'இப்னு' மட்டும் பளிச்சென்று தெரிகிறது. யாருடைய மகன் என்பதுதான் பிடிபடவில்லை!

பழைய அரபுக் கையெழுத்தில் பழக்கமுள்ளவர்கள் இரண்டு பக்கமாவது பார்த்துத் தர முடியுமா? 14 தொகுதிகளோடு நின்றுபோன இந்நூலின் உஸ்மான் யஹ்யா கெய்ரோ பதிப்பு யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புச் செயலிகளை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். எழுத்தே தெரியாதபோது எதை மொழிபெயர்ப்பது?