அப்பாவின் கையெழுத்து

புதுக்குடியிருப்பான் எழுதியது:

சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா போட்ட கடிதங்களைப் பற்றி இந்தக் குழுவில் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி யாரும் கடிதம் போட்டதில்லை, நான் வன்னியை விட்டு எங்கேயும் போனதுமில்லை. ஆனால் ஐந்து வருசம் இன்னொருவருடைய அப்பாவாக இருந்து கடிதம் எழுதியிருக்கிறேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

1997. எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியையாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். சொந்தமில்லை, கூப்பிடுகிற முறைதான். பெரியையா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கணக்குக் கொப்பியில் அவர் எழுத்தைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும், மண்ணெண்ணெய் என்று எழுதினால்கூட ஏதோ திருமுறை எழுதி வைத்ததுபோல. ஒரே மகன், 1989இல் சுவிஸுக்குப் போனவர்.

அந்த வருசம் பெரியையாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. வவுனியாவுக்குப் போய்க் காட்டலாம்தான், ஆனால் அதற்குப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், போன இடத்தில் நிற்கவும் பாஸ் வேண்டும், கண் தெரியாத கிழவனைக் கூட்டிக்கொண்டு யார் அலைவது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நீல ஏரோகிராம் ஒன்றை, மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிற வெளிநாட்டுக் கடிதத்தாளை, கையில் தந்தார்.

"தம்பி, என்ரை எழுத்து மாதிரியே எழுத வேணும். எழுத்து மாறினதைக் கண்டானெண்டால் பொடியன் அங்கை நித்திரை கொள்ளமாட்டான்."

பழைய கணக்குக் கொப்பி ஒன்றைத் தந்தார். பருப்பு, சீனி, மா, சவர்க்காரம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு கிழமை அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அவருடைய ழகரத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் வளைந்து நிற்கும். திகதிக்குக் கீழே இரண்டு கோடு போடுவார். அந்த இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று முட்டவே கூடாது. இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கைவரும், என் சொந்த எழுத்துத்தான் எப்படி இருந்ததென்று மறந்துபோச்சு.

மேலே பிள்ளையார் சுழி, வலப்பக்கம் ஊரும் திகதியும். "அன்பு மகனுக்கு அப்பா அம்மா எழுதிக்கொள்வது. நாம் இங்கு நலம். உமது நலத்துக்கு வற்றாப்பளை அம்மன் துணை." அதோடு ஒரு முற்றுப்புள்ளி. அடுத்து "நிற்க" என்றார். முதல் நாள் அவர் அப்படிச் சொன்னதும் நான் எழும்பி நின்றுவிட்டேன். பள்ளிக்கூடப் பழக்கம். பெரியம்மா குசினிக்குள் இருந்து சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

நலம் விசாரிப்பை எழுத இரண்டு நிமிசம் போதும். நிற்கவுக்குப் பிறகு என்ன எழுதுவதென்பதில்தான் இரண்டுபேருக்கும் சண்டை.

"மாட்டை வித்ததை எழுதட்டோ?"

"வேண்டாம், காசில்லாமல் வித்ததெண்டு நினைப்பான்."

"காசில்லாமல்தானே வித்தனாங்கள்?"

"அதுக்காக எழுதுறதே? இஞ்சாருங்கோ, மாடு கண்டு போட்டதெண்டு எழுதுங்கோ."

கடைசியில் விற்ற மாடு கடிதத்தில் இரண்டுமுறை கன்று போட்டது. நான்தான் எழுதினேன். கூரையில் ஓலை மாற்றவில்லை, பெரியம்மா கிணற்றடியில் விழுந்து கை வீங்கிக் கிடந்தா, நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள், இதொன்றும் போகாது. மழை எப்படி, வயல் எப்படி, ஆருக்குக் கலியாணம், உமக்குப் பேசின இடத்தில் இருந்து இன்னும் மறுமொழி இல்லை, இவ்வளவும் போகும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி மாறாமல் இருக்கும்: "அப்பாவின் கண் முன்னையிலும் பார்க்க நல்ல தெளிவு." அதைச் சொல்லும்போது பெரியையா என் பக்கம் பார்க்காமல் வேலிப் பக்கம் பார்ப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்கு ஒன்றுதான், ஆனாலும் அப்படிச் செய்வார்.

பெரியம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். அவவின் பங்கு ஓரத்து மடிப்பு, அதில் கடிதத்தைத் திருப்பிப் பிடித்து நெடுக்காக எழுத வேண்டும். பாலைப்பழம் பழுத்திருக்கு, உன்னை நினைச்சுக்கொண்டு சாப்பிட்டேன், சொண்டெல்லாம் ஒட்டிப்போச்சு. குளிருக்குத் தலையை மூடு. இப்படித்தான். ஏரோகிராமுக்குள் எதையும் வைக்கக் கூடாதென்று அதிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படித்துக் காட்டினேன். கோயில் வைகாசிப் பொங்கல் முடிந்து எழுதின கடிதத்துக்கு அவ ஒரு வழி கண்டுபிடித்தா. வற்றாப்பளை விபூதியைப் பெருவிரலில் தொட்டு, மடிப்புக்குள் அழுத்தித் தேய்த்துவிட்டா. "வைக்கேல்லைத்தானே, பூசினது." மூன்று விரல் அகலம், சாம்பல் நிறம். பிறகு சோற்றுப்பசை பூசி ஒட்டினோம். தபாற்கந்தோரில் தந்த ஏரோகிராமில் பசையே இருக்காது.

மறுமொழி வர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும், சிலநேரம் வரவே வராது. வந்தால் வாசிப்பதும் நான்தான். முத்திரை எனக்கு. முதல் முத்திரையில் ஹெல்வெட்டியா என்று போட்டிருந்ததைக் கூட்டி வாசித்தேன். பெரியம்மா பதறிப்போனா, பொடியன் நாடு மாறிட்டானோ, எங்களுக்குச் சொல்லாமல் எங்கை போனவன் என்று. அது சுவிஸின் லத்தீன் பெயர் என்று என் சமூகக்கல்வி வாத்தியார் சொல்லித்தான் வீடு அடங்கியது.

அதைவிடப் பெரிய பகிடி விசா. "எனக்கு எஃப் தந்திருக்கிறார்கள்" என்று மகன் ஒருமுறை எழுதியிருந்தார். எங்களுக்கு எஃப் என்றால் ஏ.எல். சோதனையில் பெயில்தான். பெரியையா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. பிறகு பி வந்தது, வீட்டில் பாயாசம். அடுத்தது சி என்று வந்த அன்று பெரியையா பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை, பாஸ்தானே" என்றார். அங்கே எஃப் என்றால் தற்காலிகமாக இருக்கலாம், பி வருசா வருசம் புதுப்பிப்பது, சி தான் கடைசியில் கிடைக்கிற நிரந்தர அட்டை என்று எனக்கே பல வருசம் கழித்துத்தான் தெரிந்தது. அவரும் நல்லா மறைத்தார் என்று வையுங்கள். "ஹோட்டலில் பொறுப்பான வேலை" என்று எழுதுவார். கோப்பை கழுவுகிற பொறுப்பு.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை மறுபடி திறந்தது. பெரியையாவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தார்கள், பார்வை வந்தது. ஊரில் கொமினிகேசன் கடை, காசு கட்டிப் போன் பேசுகிற இடம், வந்து கடிதம் நின்றது. அடுத்த ஆவணியில் மகன் சி யோடு வந்து இறங்கினார், பதினாலு வருசத்துக்குப் பிறகு.

வந்து இரண்டாம் நாள். நானும் முற்றத்தில் நிற்கிறேன். பெரியையா கோயில் அர்ச்சனைக்கு ஒரு துண்டில் பெயர், நட்சத்திரம் எழுதி மகனிடம் நீட்டினார். சொந்தக் கையால். அஞ்சு வருசம் பேனை பிடிக்காத கை, எழுத்து அங்குமிங்கும் சரிந்து கிடந்தது. மகன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அப்பாவுக்குக் கை நடுங்குதே? போன வருசம் மட்டும் எவ்வளவு வடிவா எழுதினவர். இப்ப பாத்தா அவற்றை எழுத்தே இல்லை" என்று சொல்லி அழுதார்.

நான் என்ன சொல்ல? "வயசுதானே அண்ணை" என்றேன்.

மகன் எழுதின கடிதங்கள் இருந்த றங்குப்பெட்டியை 2009 கடைசிச் சண்டையில் மாத்தளன் கடற்கரையில் மணலோடு விட்டுவிட்டு வந்தோம். பெரியையா 2011இல் போனார், பெரியம்மா மூன்று வருசம் கழித்து. இங்கிருந்து போன கடிதங்கள் மட்டும் சுவிஸில் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு வருசமும் திவசத்தன்று அண்ணர் ஒரு கடிதத்தைப் படம் பிடித்து முகநூலில் போடுவார். மேலே "அப்பாவின் கையெழுத்து" என்று இருக்கும். நானும் விருப்பம் அழுத்திவிட்டுப் போவேன். சொல்ல வேண்டுமா, விட வேண்டுமா?

பூநகரியான் எழுதியது:

நான் கடிதம் வாங்கின பக்கத்துக்காரன், நோர்வே. எங்கள் அம்மா தானேதான் எழுதுவா. ஆனால் கடிதம் வன்னி எல்லையில் இருக்கிற ஓமந்தைக்கு அங்காலும் இங்காலும் யார் யாரோ பிரித்துப் பார்த்துத்தான் வரும் என்று அவவுக்கு ஒரு பயம். அதனால் ஷெல்லடி என்பதை மழை என்று எழுதுவா. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு ஆவணி மாதக் கடிதத்தில் "இங்கு இரவு பகலாக நல்ல மழை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை" என்று இருந்தது. வன்னியில் ஆவணியில் எங்கே மழை? ஐப்பசி பிறக்காமல் அங்கே வானம் கறுக்காது. படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு மார்கழிக் கடிதங்கள் வந்தால்தான் கஷ்டம், அது எந்த மழை என்று தெரியாமல் இருந்து யோசிப்பேன்.

செஞ்சிலுவைக்காரரின் படிவத்திலும் ஒருமுறை வந்தது. அதில் குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், உறையும் இல்லை, திறந்தபடி வரும். அம்மா முழுப் படிவத்திலும் எழுதியிருந்தது ஒரே வரி: "நான் இருக்கிறேன்."

உங்கள் கேள்விக்கு: சொல்லுங்கள். எனக்கென்றால் யார் கை என்று தெரிய வேண்டும்.

மல்லாவிப் பிள்ளை எழுதியது:

எங்கள் அப்பா தபாற்காரர். 1996இல் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று வந்தபோது கடிதமெல்லாம் பழைய விலாசத்துக்கே வந்துகொண்டிருந்தது. அப்பா சைக்கிளில் கொண்டுபோய் மரத்தடியில் நின்று பெயரைக் கூப்பிடுவார். யாராவது "அவை புத்துவெட்டுவான் பக்கம் போட்டினம்" என்பார்கள், அடுத்தநாள் அங்கே போவார்.

ஒரு கிழவர் தினமும் காலையில் எங்கள் வாசலுக்கு வருவார். மகன் கனடா. ஆறு மாதமாகக் கடிதமில்லை. அப்பா ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை, "பை இன்னும் பிரிக்கேல்லை ஐயா, பின்னேரம் பாப்பம்" என்பார். வெறும் பை திண்ணையில் கிடக்கும். கிழவரும் அதைப் பார்த்துக்கொண்டே "அப்ப பின்னேரம் வாறன்" என்று போவார். பின்னேரம் வரமாட்டார். அடுத்த நாள் காலையில் வருவார்.

சொல்ல வேண்டாம் அண்ணா. பை பிரிக்காமலே இருக்கட்டும்.

லண்டன் முழங்காவிலான் எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள், எனக்கு இதை வாசிக்கக் கோபம்தான் வருகிறது. எங்கள் அம்மாவுக்குச் சலரோகம், சீனி வருத்தம். காலில் புண் வந்து ஆறாமல் இருந்தது, ஆறு கடிதம் வந்தது, ஆறிலும் "நாம் நலம்". காலை எடுத்த பிறகு வேறொருவர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் இங்கே இரண்டு வேலை செய்தது எதற்கு? உண்டியலில், வங்கி இல்லாமல் ஆள்வழி காசு அனுப்புகிற முறையில், காசு போட்டால் மூன்றாம் நாள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான். கவலைப்படுவான் என்று மறைத்தார்களாம். கவலைப்படத்தானே பிள்ளை? அந்தப் பெரியையாவின் மகனிடம் 97இலேயே கண் போச்சுதென்று எழுதியிருந்தால் ஏதாவது வழி பார்த்திருப்பார். அஞ்சு வருசம் இருட்டில் இருந்த மனுசன். தம்பி, உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்கள் பொடியன்.

புதுக்குடியிருப்பான் எழுதியது:

முழங்காவில் அண்ணை, நீங்கள் சொல்வது சரி. அந்த யோசனை எனக்கும் வந்ததுண்டு. 1998இல் ஒருமுறை கடைசி வரியில் "அப்பாவுக்குக் கண் தெரியாது" என்று சின்னனாய் எழுதினேன். ஒட்டுகிறதுக்கு முன்னம் பெரியையா எழுதினதை வாசித்துக் காட்டச் சொன்னார், எப்போதும் கேட்பார். அந்த வரியில் நாக்கு நின்றுவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, கையை நீட்டி ஏரோகிராமை வாங்கி மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு, "இன்னொண்டு வாங்கியா தம்பி, இதிலை மை கொட்டிப்போச்சு" என்றார். மை கொட்டவில்லை. நான் குமிழ்முனைப் பேனையால் எழுதினது.

நேற்றுத்தான் திவசம். அண்ணர் இந்த முறை போட்ட படம் அந்த வைகாசிக் கடிதம். பெருப்பித்துப் பார்த்தேன். ழகரத்தில் இரண்டு இடம் வால் வலப்பக்கம் போயிருக்கிறது, களைத்துப்போய் எழுதியிருப்பேன். கீழே முந்நூறு பேர் "என்ன வடிவான எழுத்து" என்று எழுதியிருக்கிறார்கள். ஓரத்து மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, பெருவிரல் ரேகைகூடத் தெரிகிறது. யாரோ அதைக் கேட்டதற்கு அண்ணர், "பழைய கடதாசி, பூஞ்சணம் பிடிச்சிட்டுது, துடைக்க வேணும்" என்று மறுமொழி போட்டிருந்தார்.

உடனே போன் எடுத்தேன். "அண்ணை, அதைத் துடைச்சுப்போடாதேங்கோ" என்றேன். ஏன் என்று கேட்டார். விபூதிக் கதையைச் சொன்னேன். கனநேரம் சத்தமில்லை.

பிறகு கேட்டார், "அது உனக்கு எப்பிடித் தெரியும்?"