டெயில் ஃபின்: துடுப்பா, செட்டையா?

வணக்கம். கார் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் பற்றிய நம் கட்டுரையில், காரின் பின்புறம் இரு பக்கமும் மேலெழுந்து நிற்கும் ‘டெயில் ஃபின்’ வரும் இடமெல்லாம் ‘வால் துடுப்பு’ என்று போட்டிருக்கிறோம். மீனுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சொல்வது அதுதான், சரி. ஆனால் காருக்கு அது ஒட்டவில்லை. துடுப்பு என்றதும் படகு தள்ளுவதுதான் மனத்தில் வருகிறது. இந்த உறுப்பு எதையும் தள்ளுவதில்லை, அழகுக்கு நிற்கிறது.

அது பிறந்த கதையைப் பாருங்கள். ஏர்ல் 1927இல் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து வடிவமைப்புக்கென்றே தனிப் பிரிவை நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவரும் அவருடைய ஆட்களும் லாக்ஹீட் பி-38 போர்விமானத்தைப் பார்த்தார்கள். இரட்டை வால், ஒவ்வொன்றிலும் செங்குத்தாக ஒரு தகடு. அது மனத்தில் தங்கி, அதே நிறுவனத்தின் 1948 காடிலாக் காரில் வந்து உட்கார்ந்தது. வரைந்தவர் ஏர்லின் கீழ் வேலை பார்த்த ஃபிராங்க் ஹெர்ஷி. பின்சக்கரத்தின் மேல்தகடு முடியும் இடத்தில் மெல்ல எழும் ஒரு மேடு, நுனியில் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இடப்பக்க விளக்கைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் மூடி! அந்த மேடுதான் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 1959 மாடலில் ஆளை மிரட்டும் உயரத்துக்குப் போனது. 1958 இறுதியில் ஏர்ல் ஓய்வு பெற்றார்.

ஆக, பெயரில் மீன், பிறப்பில் விமானம். இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும். ஈழத்தில் பறவையின் சிறகும் செட்டைதான், மீனுக்கு இருப்பதும் செட்டைதான். கோழி செட்டை அடிக்கும் என்பார்கள். அங்கே உயிரியல் நூல்களில் ‘வாற்செட்டை’ ஏற்கெனவே இருக்கிறது. நாம் புதிதாக எதையும் செதுக்க வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும். செட்டை விளக்கு, செட்டை வைத்த கார், செட்டை தாழ்ந்த மாடல் என்று வாக்கியத்தில் தடையில்லாமல் ஓடுகிறது. ‘துடுப்பு விளக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், படகில் தொங்கும் விளக்கு போல இருக்கும்.

‘சேட்டை’ என்று படித்துவிடுவார்களே என்ற கவலை நியாயமானது. முதல் இடத்தில் ‘டெயில் ஃபின் எனும் வாற்செட்டை’ என்று சேர்த்தே எழுதி, பக்கத்தில் 1948 காடிலாக்கின் பின்புறப் படத்தைப் போட்டால் அந்தக் குழப்பம் வராது. அப்புறம் வெறும் ‘செட்டை’ போதும். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். ஆனால் அது விமானத்தையும் தாங்க வேண்டும்.