ஸெலென்காவின் ஓபோ சொனாட்டாக்கள்: எந்தப் பதிவைக் கேட்கலாம்?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். நான் கோயில்களில் நாதஸ்வரம் வாசிப்பவன். நம்முடையதைப் போலவே சீவாளி வைத்து ஊதும் மேலைநாட்டு வாத்தியங்களைத் தேடியபோது, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் காலத்தவரான யான் டிஸ்மாஸ் ஸெலென்கா (1679–1745) எழுதிய ஆறு சொனாட்டாக்களை (வாத்தியங்களுக்கான இசைப் படைப்புகள்), ஓபோ கலைஞர் ஹைன்ஸ் ஹொலிகரின் குழுவினர் 1972இல் ஆர்கிவ் நிறுவனத்துக்காக வாசித்த பதிவில் கேட்டேன். ஓபோ என்ற சீவாளிக் குழலை ஊதுபவர்கள் எங்கே மூச்செடுக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. ஆனால் கீழே பசூன் என்ற தாழ்ந்த குரல் சீவாளி வாத்தியம் நம் ஒத்தைப் போல ஒரே சுருதியில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதால், எதைப் பின்பற்றிக் கேட்பது என்று பிடிபடவில்லை. வேறு நல்ல பதிவுகள் உண்டா? இப்படிப்பட்டவரின் பெயர் ஏன் பரவவில்லை?

மறுமொழி (முல்லைத்தீவு)

பெயர் பரவாததற்கு அவருடைய வேலையும் ஒரு காரணம். பொஹீமியாவில் பிறந்த அவர், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அரசவை இசைக்குழுவில் வயலோன் என்ற பெரிய அடிநாத வாத்தியத்தை வாசித்தார்; 1729இல் தலைமை இசைஞர் ஹைனிகென் இறந்தபின் அந்தப் பதவியை எதிர்பார்த்திருக்க, அது ஹாஸ என்ற இசையமைப்பாளருக்குப் போனது. இவருக்கு 1735இல் தேவாலய இசையமைப்பாளர் என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. படைப்புகளில் பெரும்பாலானவை அச்சேறாமல் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்தன. ஆயினும் பாக் இவரை மதித்தார் என்பதைப் பாக்கின் மகனே ஒரு கடிதத்தில் பதிந்திருக்கிறார்.

நீங்கள் குறிப்பிட்ட பசூனே இந்தச் சொனாட்டாக்களின் உயிர்நாடி. சில இடங்களில் அது அடிநாதத்தோடு சேர்ந்தே நடக்கும். திடீரெனப் பிரிந்து, மேலேயுள்ள இரு குரல்களுக்கும் சமமாக மூன்றாவது குரலாகிவிடும். கீழிருந்தே இசையைக் கேட்டுப் பழகிய ஒருவர் எழுதியது என்பது எனக்கு அதில் தெரிகிறது. ஐந்தாவது சொனாட்டாவிலிருந்து தொடங்குங்கள்: எல்லா வாத்தியங்களும் ஒரே மெட்டை ஒன்றாக வாசித்துத் தொடங்குவதால், பசூன் தனியே கிளம்பும் இடம் தெளிவாகக் கேட்கும். ஹொலிகர் 1997இல் இ.சி.எம். நிறுவனத்துக்காக இவற்றை மீண்டும் வாசித்திருக்கிறார். இரண்டிலும் பசூன் கிளவுஸ் தூனெமானுடையது. வேகத்தின் துணிச்சலுக்காக நான் பழையதையே விரும்புகிறேன்.

மறுமொழி (வவுனியா)

ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாதஸ்வரக்காரருக்கு ஹொலிகரின் பதிவுகளை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். அவர் ஊதுவது, துளைகளை மூடித் திறக்கும் விசைகள் நிறைந்த நவீன ஓபோ. அதில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே ஒலிநிறத்தில் வரும். ஸெலென்கா காலத்து ஓபோவில் இரண்டு மூன்று விசைகள்தாம் இருந்தன. இடைச்சுரங்களை விரல்களை மாற்றிப் பொத்தியும் உதட்டாலும் மூச்சாலும் திருத்தியும்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒரு சுரம் திறந்தும் அடுத்தது சற்று அடைத்தும் ஒலிக்கும். துளையைப் பாதி மூடி, ஊதும் அழுத்தத்தை மாற்றிச் சுரம் பிடிக்கும் உங்களுக்கு இது உடனே புரியும். பழைய வகை வாத்தியங்களில் வாசிக்கும் ஸெஃபிரோ குழுவின் பதிவைத் தேடுங்கள். ஜி மைனர் என்ற சுரவரிசையில் அமைந்த இரண்டாவது, நான்காவது சொனாட்டாக்களில் அந்த நிறபேதம் நன்றாகத் தெரியும்.

மறுமொழி (மாங்குளம்)

எந்தப் பதிவானாலும் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பசூனின் கீழ்ச்சுரங்கள் அதில் பாதிக்குமேல் காணாமற்போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும்.