பக்கவாதத்துக்குப் பிறகு தலைவலி: அம்மா மாத்திரையே வேண்டாம் என்கிறார்

கேள்வி (செல்வி, திருப்பூர்):
அம்மாவுக்கு 62 வயது. போன மாதம் இடது கை, கால் விழுந்துவிட்டது. நேரத்தோடு கொண்டுபோனதால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வீட்டுக்கு வந்தபோது தலைவலி இல்லை. அடுத்த முறை காட்டப் போனபோது ஆஸ்பிரினோடு சிலோஸ்டசால் 100 மி.கி., காலை, இரவு என்று சேர்த்தார்கள். அன்றிலிருந்துதான் வலி. மாத்திரை போட்டுச் சற்று நேரத்தில் இரண்டு பொட்டும் விண்விண்ணென்று தெறிக்கிறதாம், முகம் சூடாகிறதாம், நெஞ்சு படபடக்கிறதாம். சேலைத் துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுக்குப் பற்றுப் போட்டுப் படுத்துவிடுகிறார். நேற்று இரவு மாத்திரை தலையணைக்கு அடியில் கிடந்தது. மறுபடி அடைப்பு வருமோ என்று எனக்குப் பயம். நிறுத்தலாமா? வலிக்கு என்ன கொடுக்கலாம்?

பதில் (மேரி, பக்கவாதப் பிரிவில் செவிலியர்):
செல்வி, நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக்குக் காத்திராமல் இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிலோஸ்டசால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுப்பதோடு ரத்தக் குழாய்களையும் விரிக்கும். அதனால் தலைவலி, படபடப்பு இரண்டும் அதில் சகஜம். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பலருக்கும் பழகிவிடுகிறது. அம்மாவுக்கு இதய பலவீனம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது ஆகாது.

வயிற்றுக்கு கேஸ் மாத்திரை என்ன கொடுக்கிறீர்கள்? ஒமெப்ரசோல் என்றால் அது சிலோஸ்டசாலின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சீட்டில் இல்லாமல் கடையில் வாங்கியதையும் சேர்த்து எல்லா அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். இன்னொன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோதான் இதைப் போட வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால் வேகமாக ஏறும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்காட்டமின், சுமாட்ரிப்டான் மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. அவற்றை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

திடீரென்று தாங்கமுடியாத வலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், புதிதாகக் கை கால் தளர்ச்சி, இதில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள். பற்றுப் போட்டுப் பார்க்கிற வேளை அது இல்லை.

பதில் (ராஜாமணி, தஞ்சாவூர்):
மேரி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு வந்தது வேறு மாதிரி, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கழுத்துக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய சில நாளில் அதே பக்கம் கண்ணுக்குப் பின்னால் குடைந்தது. வீட்டு மெஷினில் பிரஷர் 180க்கு மேல் காட்டியது. இரவோடு இரவாக அட்மிட் ஆனேன். அடைப்பு நீங்கிய பிறகு மூளைக்கு ரத்தம் வெள்ளமாகப் பாய்வதால் வருகிற வலி என்றார் டாக்டர். பிரஷரைக் குறைக்க மருந்து ஏற்றினார்கள், சரியாயிற்று. விட்டிருந்தால் வலிப்போ ரத்தக்கசிவோ வந்திருக்கும் என்றார். அதனால் தங்கச்சி, வலி வரும்போதெல்லாம் பிரஷர் பார்த்துக் குறித்து வையுங்கள்.

பதில் (செல்வி):
இருவருக்கும் ரொம்ப நன்றி. டாக்டரிடம் பேசிவிட்டேன். கேஸ் மாத்திரை ஒமெப்ரசோலேதான், பக்கத்துக் கடையில் வாங்கியது. அதை பேன்டோப்ரசோலாக மாற்றி, சிலோஸ்டசாலை இப்போதைக்கு 50 மி.கி. ஆக்கியிருக்கிறார். வலிக்குப் பாராசிட்டமால் தரலாமாம். அண்ணா, பிரஷர் நோட்டுப் போட்டாயிற்று, இன்று காலை 138/84. அம்மாவிடம் மாத்திரையின் பலம் குறைத்தாயிற்று என்று காட்டிய பிறகுதான் வாயில் போட்டார். அடுத்த வியாழன் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், நோட்டோடு போகிறேன்.