வெட்டிய மூலையைத் தடவுவதற்குப் பெயர் வாசிப்பா?

தகடூர் வாத்தியார் (தருமபுரி)
தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீடு தேடிச் சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியை ஒருவர், பார்வையும் பேச்சும் இல்லாத, பெருமூளை வாதத்தால் இடக்கை மடங்கிப்போன ஒன்பது வயதுச் சிறுவன் நான்கே மாதத்தில் ‘அம்மா’, ‘களி’, ‘மணி’ என்னும் மூன்று சொற்களை, விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தான பிரெய்லில் வாசிப்பதாக நேற்று இங்கே எழுதிப் பாராட்டு மழையில் நனைந்தார். அதே பதிவின் கடைசி வரியில், அந்தச் சொற்களைக் குத்திய அட்டைகளின் வலது மேல் மூலையை வெட்டி வைத்திருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். ஆக, பையன் வாசிப்பது புள்ளியை அல்ல, மூலையை. முப்பது ஆண்டுகள் பார்வையற்ற பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன்: பிரெய்லில் ஒவ்வொரு குறியும் ஆறு புள்ளி இடங்கள் கொண்ட ஒரு கட்டம்; அதனால் முட்டைத் தட்டில் ஆறு குழி விட்டு, பந்து வைத்து, எது முதல் புள்ளி, எது ஆறாம் புள்ளி என்று விரல் அறிந்த பிறகே எழுத்து, எழுத்துக்குப் பிறகே சொல்.

மலையடிவாரம் (தேன்கனிக்கோட்டை)
ஐயா, அந்தப் பதிவை எழுதியவள் நான்தான். மூன்று அட்டைகளிலும் வெட்டியிருப்பது ஒரே மூலை. அட்டை நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். எந்தச் சொல் என்பதைச் சொல்லாது. கட்டத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று, வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணினால், ‘இ’க்கு இரண்டும் நான்கும் என்ற புள்ளிகள் தலைகீழானால் ஐந்தும் மூன்றும் ஆகி ‘ஈ’ என்று நிற்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. ‘அம்மா’வை அவன் நீளத்தை வைத்தே கண்டுகொள்ளலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ‘ம்’மின் மேற்புள்ளி மெய்க்கு முன்னால் தனிக் கட்டமாகவும், ‘மா’வின் கால் தனிக் கட்டமாகவும் வருவதால் அது ஐந்து கட்டம். ஆனால் ‘களி’யும் ‘மணி’யும் மூன்று மூன்று கட்டங்கள், இரண்டும் ‘இ’யில் முடிபவை. களி அட்டையின் மேல் விரல் ஓடியதும் வாயைத் திறக்கிறான். மணி அட்டையென்றால் கட்டில் காலில் கட்டிய மணியைத் தேடி வலக்கை போகிறது. இதை மூலை செய்ததா?

தகடூர் வாத்தியார்
மூலைதான் செய்தது. கையால் வெட்டிய மூன்று மூலைகள் ஒரே அளவில் இருக்குமா? அரை மில்லிமீட்டர் உயரப் புள்ளியை உணரும் விரல், வெட்டில் உள்ள ஏற்ற இறக்கத்தை உணராதா? உணராது என்றால் புள்ளியையும் உணராது. உணரும் என்றால் என் கட்சி வென்றது.

ராகிமுத்தெ (ஓசூர்)
அந்த வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள் என்றும் அந்தப் பதிவிலேயே இருந்தது. களிக்குக் கன்னடத்தில் முத்தெ. கன்னட வீட்டுப் பிள்ளைக்கு அது களியா, முத்தெயா? பிள்ளையின் சொல்லிலிருந்து தொடங்குகிறோம் என்று சொல்லிவிட்டு ஆசிரியையின் சொல்லிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

மலையடிவாரம்
அவனுக்கு ஊட்டிவிடும் பாட்டி தமிழ் பேசுபவர், ‘களி’ என்றுதான் சொல்லி ஊட்டுகிறார். நாளைக்கே முத்தெ என்று எழுத நேர்ந்தாலும் எதுவும் வீணாகாது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் வந்த பாரதி பிரெய்லில் தமிழ் ‘க’வுக்கும் கன்னட ‘க’வுக்கும் அதே ஒன்றும் மூன்றும்தான்.

தகடூர் வாத்தியார்
பாரதி பிரெய்ல் வகுப்பு எனக்கு வேண்டாம். மூலைக்கு விடை எங்கே?

பிள்ளையின் தாய் (அரூர்)
என் மகளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டுகள் இதே முட்டைத் தட்டின் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் பந்தைக் கடித்தாள்; படிப்பு ஏறாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவள் பெயரின் முதல் எழுத்தைக் கெட்டியான தாளில் குத்தி, அவளுடைய சோற்றுத் தட்டின் விளிம்பில் ஒட்டினேன். இன்று நான்கு தட்டுகளை அடுக்கி வைத்தாலும் விளிம்பைத் தடவித் தன் தட்டை இழுத்துக்கொள்கிறாள். வாசிப்பு என்றால் என்னவென்று முதலில் யாராவது சொல்லுங்கள். பிறகு மூலையைப் பேசலாம்.

தகடூர் வாத்தியார்
தங்கள் வருத்தம் புரிகிறது, தாயே. ஆனால் இங்கே பேச்சு மூலையைப் பற்றியது.

தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)
ஆசிரியை ஆன் சல்லிவன் 1887-இல், கண்ணும் தெரியாத, காதும் கேட்காத ஹெலன் கெல்லரின் கையில் தண்ணீரை விழவைத்துச் சொல்லைத் தந்தாரே, அப்போது முட்டைத் தட்டு எங்கே இருந்தது?

தகடூர் வாத்தியார்
அது உள்ளங்கையில் விரல் வடிவங்களால் எழுத்து எழுத்தாகத் தந்த விரலெழுத்து. பிரெய்லுக்கும் விரலெழுத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் 2004-இல் எங்கள் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டம் ஆனவுடன் தனிக் கல்வியியலும் கண்டுபிடித்துவிட்டார்கள் போலும். பயிற்சி முகாமுக்கென்று எங்களிடமிருந்து வாங்கிப்போன பெர்க்கின்ஸ் பிரெய்லர், புள்ளிக்கு ஒரு விசை வைத்த அந்தத் தட்டச்சுக் கருவி, நான்காம் விசை அழுந்தாமல் திரும்பி வந்ததை நான் மறக்கவில்லை.

தென்பெண்ணை
தரும்போதே அது அழுந்தவில்லை. ஒரு முகாம் முழுவதும் ‘இ’ என்ற எழுத்தே இல்லாமல் நடத்தினோம்.

தகடூர் வாத்தியார்
விசையை ஓங்கி அடிப்பவர்கள் கையில் எந்தக் கருவியும் நிற்காது. என் பிள்ளைகள் தாளைச் சட்டத்தில் பிடித்துக் கையால் புள்ளி குத்தும் சிலேட்டிலும் ஊசியிலும் பழகியவர்கள்.

மலையடிவாரம்
சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். மடங்கிய கையோடு, சட்டத்தைப் பிடிக்க இன்னொரு கை இல்லாத பிள்ளையிடம் அந்தக் கண்ணாடி வித்தையை எதிர்பார்க்கிறீர்களா? இவன் அட்டையைத் தொட்டாலே அது நழுவுகிறது; அதற்காகக் கீழே ரப்பர் விரிப்பு போட்டேன். முதல் மாதம் முழுவதும் விரலை அழுத்தி அழுத்திப் புள்ளிகளைத் தட்டையாக்கிவிடுவான். இரண்டு நாளுக்கு ஓர் அட்டை புதிதாகக் குத்தினேன். ஒவ்வொரு புதிய அட்டைக்கும் மூலையைப் புதிதாக வெட்டினேன். பழைய வெட்டை நினைவில் வைத்து வாசிக்கிறான் என்றால், புதிய அட்டையை எதை வைத்து அறிந்தான்?

ராகிமுத்தெ
வாத்தியாரே, இதற்கு விடை சொல்லுங்கள்.

தகடூர் வாத்தியார்
சொல்கிறேன். ஒரே கை, ஒரே பழக்கம். களி அட்டையை வெட்டும்போது அவருடைய கை ஒரு மாதிரி போயிருக்கும், மணி அட்டைக்கு வேறு மாதிரி போயிருக்கும், அவரே அறியாமல். மூலை வெட்டாத அட்டையை நேராக அவன் முன் வைத்துக் காட்டட்டும்.

மலையடிவாரம்
திருவிழாவில் வித்தை காட்டும் பிள்ளை அல்ல அவன். தங்களுக்காக அவனைத் தேர்வுக்கு உட்கார வைக்க மாட்டேன். போன வாரம் இரண்டு அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பன்னிரண்டு முறை பார்த்தேன்; பத்து முறை சரியாகக் கை போனது.

தகடூர் வாத்தியார்
மீதி இரண்டு முறை?

மலையடிவாரம்
பசியாக இருந்திருக்கும். இரண்டு முறையும் மணி அட்டைக்கு வாயைத் திறந்தான்.

தகடூர் வாத்தியார்
இதைத்தான் சொன்னேன். அந்த மூலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டினீர்களா, பிளேடாலா?